காளிக்கு எழுதிய மனு

திருச்சுழி பஸ் ஸ்டாண்டை ஒட்டி எனக்கு ஒரு கடை இருக்கிறது. போர்டில் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழைக்காலத்தில் பேப்பரைத் தின்னும் ஒரு ஜெராக்ஸ் மிஷின். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனு என்று எது கேட்டாலும் ‘உயர்திரு’வில் தொடங்கி ‘இப்படிக்கு’வில் முடித்துக் கொடுப்பேன். நரிக்குடிப் பக்கமிருந்தும் வீரசோழனிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே அடிக்க முடியாது. பாதி அழுகையாக இருக்கும், பாதி வசவாக இருக்கும். அதில் வேண்டியதை மட்டும் எடுத்து, ஆபீசர் முகம் சுளிக்காதபடி ஒரு பக்கத்துக்குள் அடக்குவதுதான் என் திறமை என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை கடைக்கு ஈ காக்காய் வராது. எங்கள் ஊர் வெயிலில் யார் வருவார்கள்? அந்த நேரத்தில் புத்தகம் படிப்பேன். எழுத்து எப்படி உலகத்துக்கு வந்தது என்று பழைய காலத்து ஜனங்கள் சொல்லிவைத்த கதைகளின் மேல் எனக்கு ஒரு பித்து. கிடைத்ததை எல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அதனால் காலணாவுக்குப் பிரயோஜனம் உண்டா என்று என் மனைவி கேட்பாள். இல்லை என்றுதான் சொல்லுவேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார். ஒரு முனிவர் சொல்லச் சொல்ல நிறுத்தாமல் எழுத ஒப்புக்கொண்டு, எழுத்தாணிக்குத் தன் தந்தத்தையே ஒடித்துக்கொண்டவர். நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டாராம். அப்படியானால் அர்த்தம் புரியாமல் ஒரு வரியும் எழுதக் கூடாது என்று முனிவர் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டாராம். கேட்கிற எல்லோரும் தந்தத்தைப் பற்றித்தான் வியக்கிறார்கள். நானும் அதே தொழில் செய்கிறவன் என்பதால் எனக்கு அந்த நிபந்தனைதான் பெரிதாகப் பட்டது.

இரண்டாம் பக்கத்தில் சீன தேசத்துக்காரர் ஒருவர். அவருக்கு நாலு கண். மண்ணில் பறவைகளும் மிருகங்களும் விட்டுப்போன காலடித் தடங்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துகளை உண்டாக்கினாராம். அன்றைக்கு வானத்திலிருந்து தானியம் மழையாகக் கொட்டியது, இரவெல்லாம் பேய்கள் அழுதன என்று கதை சொல்கிறது. தானியம் கொட்டியது சரி, சந்தோஷம். பேய்கள் ஏன் அழ வேண்டும்? அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் எகிப்து. பறவைத் தலை கொண்ட ஒரு தெய்வம் எழுத்தைக் கண்டுபிடித்து ராஜாவிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டியபோது, இதனால் ஜனங்களுக்கு ஞாபகமறதிதான் வரும் என்று ராஜா மூக்கை உடைத்து அனுப்பிவிட்டாராம். அந்த ராஜா எங்கள் தாலுகா ஆபீசில் இருந்திருக்க வேண்டியவர்.

எல்லாக் கதைகளிலும் தெய்வம் மனுசனுக்கு எழுத்தைக் கொடுக்கிறது. எங்கள் ஊரில் மட்டும் மனுசன் தெய்வத்துக்கு எழுதுகிறான்.

எங்கள் ஊர், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர்க் கண்மாய்க் கரையில் ஒரு காளி. கூரை கிடையாது. ஒரு வேம்பு, ஒரு பீடம், ஆள் உயரச் சூலங்கள் ஏழெட்டு, அவ்வளவுதான். அநியாயம் நடந்து, போலீசுக்கும் போக முடியாமல் பஞ்சாயத்திலும் பேச முடியாமல் இருப்பவர்கள் அந்தக் காளிக்கு மனு எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள். அதற்கென்று முறை உண்டு. கோடு போடாத வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். கையால்தான் எழுத வேண்டும், கம்ப்யூட்டரில் அடித்ததைக் காளி வாங்குவதில்லை. சுருட்டி மஞ்சள் நூலால் கட்டிய பிறகு, காரியம் ஆகும்வரை யாரும் அவிழ்க்கக் கூடாது. காரியம் ஆனதும் கட்டியவரே அவிழ்த்துக் கண்மாய்த் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும். கரைக்காமல் விட்டால், கேட்டது கேட்டவர் பக்கமே திரும்பிவிடும் என்பார்கள். இப்போதெல்லாம் மழையில் நனையாமல் இருக்க மாத்திரை டப்பாவுக்குள் போட்டுக் கட்டுகிறார்கள். காளிக்கு அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பேன். சாமி காரியம் என்பதால் அதற்குக் கூலி வாங்குவதில்லை.

போன வருடம் ஆவணியில் என் அண்ணன் ஒரு வேலை செய்தார். எங்கள் புஞ்சைக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அது ஊரில் எல்லோரும் ஆட்டுக்காரம்மா என்று கூப்பிடுகிற ஒரு பெண்ணுடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. முப்பது உருப்படி வெள்ளாடு வைத்திருக்கிறார். கணவர் லாரி டிரைவர், லோடு ஏற்றிக்கொண்டு போனால் மாசத்தில் இரண்டு தடவைதான் வீடு வருவார்; மற்ற நாளில் வீட்டில் ஆட்டுக்காரம்மாவும் மகளும்தான். ஆட்டுக்காரம்மாவின் அப்பா எங்கள் புஞ்சைக் காட்டில் கூலி வேலை பார்த்து, பிறகு அந்த இரண்டு ஏக்கரை வாங்கினவர். அவர் என் அப்பாவை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார். மகள் என்னை ‘அண்ணே’ என்கிறார். எனக்கு அதில் ஒன்றுமில்லை. என் அண்ணனுக்கு அது காதில் விழுந்தாலே முகம் மாறிவிடும்.

அந்த நிலத்தைத் தனக்குக் கிரயம் செய்து கொடுக்கும்படி அண்ணன் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டார். ஆட்டுக்காரம்மா முடியாது என்றுவிட்டார். அதற்கப்புறம் ஒருநாள் விடிந்து பார்த்தால், எங்கள் புஞ்சையின் வடக்கோரமாக அந்த நிலத்துக்குப் போகிற வண்டிப்பாதையில், சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் குறுக்கே ஆள் உயரத்துக்கு அடைத்திருந்தது. அந்தப் பாதை இல்லாவிட்டால் டிராக்டர் உள்ளே போகாது. எங்களுடையது மானாவாரிப் பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். இரண்டு வருடம் விதைக்காமல் தரிசாகப் போட்டால் யாராக இருந்தாலும் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அண்ணனின் கணக்கு அதுதான்.

அடைத்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் ஆட்டுக்காரம்மாவுக்கு யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தடம் படிக்கிறவர். தன் ஆடு முப்பதின் குளம்பும் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும். எது நொண்டுகிறது, எது சினையாக இருக்கிறது, எது நேற்றுப் போனது, எது இன்று போனது என்று மண்ணைப் பார்த்துச் சொல்வார். மனுசத் தடமும் அப்படியே. ஒரு தடவை என்னிடம், “உங்க தடம் எனக்குத் தெரியும்ண்ணே. வலது காலு வெளிய சாஞ்சு விழும்” என்று சொல்லியிருக்கிறார். அதுவரை எனக்கே தெரியாது. வீட்டுக்குப் போய் நடந்து பார்த்தேன். உண்மைதான்.

புரட்டாசி பிறந்த இரண்டாம் நாள், மதியம், நான் நோட்டும் கையுமாக இருக்கும்போது ஆட்டுக்காரம்மா கடைக்கு வந்தார்.

“அண்ணே, காளிக்கு ஒரு மனு எழுதணும்.”

“யாரு மேல?”

“உங்க அண்ணன் மேல.”

“ஊருல வேற ஆளே இல்லையா? எங்கிட்டயே வந்து கேக்குறியேம்மா?”

“வேற யாருகிட்டப் போனாலும் பொழுது சாயுறதுக்குள்ள ஊரு பூராத் தெரிஞ்சுரும். நீங்கன்னா வெளிய சொல்ல மாட்டீக. சொன்னா உங்க வீட்டுக்குத்தான அசிங்கம்.”

அண்ணன்தான் அடைத்தார் என்று எப்படித் தெரியும் என்று ஒப்புக்குக் கேட்டேன். “இடது செருப்பு வெளியோரம் தேஞ்சது. ஊருல அப்படித் தேஞ்ச செருப்பு ஒண்ணுதான் இருக்கு” என்றார். நான் தாளை எடுத்தேன்.

“சரி, என்னன்னு எழுத?”

“பாதையை முள்ளுப் போட்டு அடச்ச கையி வெளங்காமப் போகணும். அம்புட்டுத்தான். வேற ஒண்ணும் சேக்க வேணாம்.”

நான் பிள்ளையார் சுழி போட்டேன். பேனா அதற்கு மேல் நகரவில்லை. அண்ணன்மேல் எனக்கும் கோபம்தான். அப்பா செத்த பிறகு இந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் சின்ன வயதில் என்னைக் கழுத்தில் உட்காரவைத்துத் திருவிழாவுக்குத் தூக்கிப் போன கை அது. அந்தக் கை விளங்காமல் போக வேண்டும் என்று என் கையால் எழுத முடியவில்லை. முடியாது என்று வாய்விட்டுச் சொல்லவும் தைரியமில்லை. நான் எழுதினேன்: ‘பாதையை அடைத்தவருக்கு நல்ல புத்தியைக் கொடு தாயே.’

“ஒருக்க வாசிங்கண்ணே” என்றார்.

நான் வாசித்தேன். தாளைப் பார்த்துக்கொண்டே, தாளில் இல்லாததை வாசித்தேன். கை விளங்காமல் போகணும் என்று அவர் சொன்ன வார்த்தைகளைக் குரல் பிசகாமல் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, என் ஸ்டாம்ப் பேடில் கட்டை விரலை ஒற்றித் தாளின் அடியில் கைநாட்டு வைத்தார். மாத்திரை டப்பா ஒன்று மடியில் தயாராக இருந்தது. அன்றைக்கே கொண்டுபோய்க் கட்டிவிட்டார்.

எனக்கு அன்று வெட்கமே இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரிய ராஜதந்திரம் செய்துவிட்டதுபோல் இருந்தது. அண்ணனையும் காப்பாற்றியாயிற்று, ஆட்டுக்காரம்மா மனசும் கோணவில்லை. காளிக்கும் ஒரு கௌரவமான மனு போய்ச் சேர்ந்தது. கலெக்டர் மனுவில் செய்கிற அதே வேலைதானே என்று நினைத்தேன். பிள்ளையாருக்குப் போட்ட நிபந்தனை ஞாபகத்துக்கு வந்திருந்தால்கூட, நான் அர்த்தம் புரிந்துதானே எழுதினேன் என்று வாதாடியிருப்பேன்.

அந்த வருடம் மழை பேருக்குப் பெய்தது. எங்கள் காட்டில் உளுந்தும் மல்லியும் போட்டோம். முள்ளுக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கரும் உழாமல் கிடந்தது. பட்டா எங்கள் இரண்டு பேர் பேரிலும் கூட்டாக இருக்கிறது. பாதி நிலம் எனக்கும் சொந்தம். நான் ஒருநாள் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, “அந்தப் பாதைய விட்டுரலாம்லண்ணே” என்றேன். “ஏலே, நீ கடையப் பாரு. காட்ட நான் பாத்துக்கிறேன்” என்றார். நான் கடையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பங்குனியில் ஒருநாள் காலையில் அண்ணன் பல் விளக்க வேப்பங்குச்சி ஒடிக்கக் கையைத் தூக்கினார். கை மேலே போகவில்லை. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து மதுரைக்கு. உயிருக்கு ஆபத்தில்லாமல் இருபது நாளில் வீடு வந்து சேர்ந்தார். பேச்சு குழறுகிறது. கால் பிடித்துப் பிடித்து நடக்க வருகிறது. வலது கை மட்டும் வரவில்லை. அதைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முற்றத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடாமல் ஏமாற்றினதால் வந்தது என்று டாக்டர் சொன்னார். எனக்கும் அது நன்றாகத் தெரியும். ஆனாலும் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது என் மனசில் முதலில் எழுந்தது நிம்மதி. நல்லவேளை, நான் அதை எழுதவில்லை என்று நினைத்தேன். எழுதியிருந்தால் அந்த வராந்தாவில் நான் எப்படி நின்றிருப்பேன்! அதை எழுதியதாக நம்பிக்கொண்டு ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்பது அப்போது தோன்றவே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் பஸ் நிறுத்தத்தில் ஆட்டுக்காரம்மா நின்றார். ஆள் பாதியாகியிருந்தார். கையில் ஒரு கட்டு நொச்சித் தழை.

“பெரியவுகளுக்குக் கை எப்படிண்ணே இருக்கு?”

“கொஞ்சம் தேவலாம்மா.”

“இந்தத் தழையப் போட்டு வெந்நி காய்ச்சி ஊத்தச் சொல்லுங்க. நான் குடுத்தேன்னு சொல்லாதீக.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கையக் கேட்டேன், குடுத்துட்டா. பாதையக் கேக்கணும்னு எனக்குத் தோணலயே, பாருங்க. இப்ப கையும் போச்சு, பாதையும் அடச்சே கெடக்கு. அவுத்துக் கரச்சுரலாம்னா கண்மாயில சொட்டுத் தண்ணி இல்ல. அதுக்குள்ள எம்பக்கம் திரும்பிருமோன்னு பயமா இருக்குண்ணே. எம் மகளுக்கு ஏதும் ஆயிரக் கூடாது.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ‘நீ கேட்டதை நான் எழுதவே இல்லையம்மா, போய் நிம்மதியாகத் தூங்கு’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன்.

அடுத்த ஆறு மாதமும் இப்படித்தான். எங்கே பார்த்தாலும் அவர் அதே கேள்வியைக் கேட்பார், நான் அதே பதிலைச் சொல்வேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று கிளம்புவேன். சொன்னால் நான் வாசித்துக் காட்டின பொய்யும் வெளியே வந்துவிடுமே என்று திரும்பிவிடுவேன். இருபது வருடமாக ஊருக்கே மனு எழுதுகிறவன் இப்படி மாற்றி எழுதுவான் என்று தெரிந்தால் அப்புறம் என்னிடம் யார் வருவார்கள்? நோயாளி வீட்டில் பாதைப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். சுற்றிவளைப்பானேன், நான் கோழை.

அந்தக் கோடையில் என் நோட்டில் புதிதாக ஒரு கதை சேர்ந்தது. களிமண் பலகையில் முதலில் எழுதின தேசத்துக் கதை. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குத் தூது அனுப்புகிறார். சேதி நீளமாக இருக்கிறது. தூதனுக்கு வாய் கனத்துப்போகிறது, அவனால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. உடனே ராஜா ஒரு களிமண் உருண்டையை உள்ளங்கையில் தட்டி, சேதியை அதில் பதித்துக் கொடுத்தார். அப்படிப் பிறந்ததாம் எழுத்து. சொன்னவர் சொன்னது, கேட்க வேண்டியவரிடம் சொன்னபடியே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. அதைக் குறித்து முடித்ததும் நோட்டை மூடி மேஜையின் அடியில் வைத்துவிட்டேன். நாலைந்து வாரம் வெளியே எடுக்கவில்லை.

இதற்கு நடுவில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். கைநாட்டு வைக்கிற பெரியவர்கள் எல்லோரும் வர வேண்டும் என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஆட்டுக்காரம்மாவும் சேர்ந்தார். அவருக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தவன் நான்தான். குற்ற உணர்ச்சியில் கொடுத்தேன். அதில் வரப்போகிற வினையைக் கொஞ்சம் யோசித்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவரோ எல்லோரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டார். ஆனிக்குள் பஸ் போர்டு படித்தார். ஆவணிக்குள் என் கடைப் போர்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஆட்டுக் காலப் படிக்கிறதுக்கு இது எம்புட்டோ தேவலாம்ண்ணே. இது ஓடாம நிக்குதுல்ல.”

இந்த வருடம் புரட்டாசி ஆரம்பத்திலேயே நல்ல மழை. இரண்டு நாள் அடித்துப் பெய்தது. கண்மாயின் பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் காலையில், பதினோரு மணி பஸ்ஸில் ஆட்டுக்காரம்மா வந்து இறங்கினார். கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். அவர் உட்காரவில்லை. மடியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளேயிருந்த தாளை விரித்தார். மூலைகளில் மஞ்சள் வெளுத்திருந்தது. மற்றபடி தாள் அப்படியே இருந்தது.

விரலை ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் வைத்து, சத்தமாகப் படித்தார். “பா... தை... யை... பாதையை. அடைத்தவருக்கு.” அவர் அவசரப்படவில்லை. நல்ல புத்தி வரைக்கும், தாயே வரைக்கும் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல கையே இல்லையேண்ணே.”

பேய்கள் எதற்கு அழுதன என்று எனக்கு அப்போது புரிந்தது.

“எழுத மனசு வரலம்மா. கூடப் பெறந்தவருல்ல.”

“மனசு வரலன்னா வரலன்னு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். சரி, அத விடுங்க. அன்னைக்கு நான் கோவத்துல கேட்டேன். நீங்க எழுதாததே நல்லதுன்னு வச்சுக்குவோம். பெரியவுக விழுந்தன்னைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” அவர் குரல் உயரவே இல்லை. “ஆறு மாசம்ண்ணே. சோத்துல கைய வைக்கும்போதெல்லாம் அவுக கைதான் கண்ணுல நிக்கும். எம் மக தும்முனாக்கூட எனக்கு உசுரு போயி உசுரு வரும். நீங்க டெய்லி எங்க வீட்டு வழியாத்தான போறீக, வாரீக.”

மன்னிச்சுரும்மா என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

“ஒரு வெள்ளத் தாளு குடுங்க” என்றார்.

கொடுத்தேன். அவர் நின்றபடியே மேஜைமேல் குனிந்து, என் பேனாவை வாங்கி, இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மூன்று வரி எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. எழுதின எழுத்தை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டார். கடைசியில் கைநாட்டு வைக்கவில்லை, தன் பெயரை எழுதினார்.

பழக்க தோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை. “நான் ஒருக்கப் பாத்துத் தரவாம்மா? தப்பு ஏதும் இருந்தா...”

“வேணாம்ண்ணே. நீங்க பாத்தா மாத்துவீக. தப்பா இருந்தாலும் நான் சொன்னதா இருக்கட்டும்.”

தாளைச் சுருட்டி அதே டப்பாவுக்குள் போட்டு மூடினார். பழைய மனுவைத் தனியாக மடித்து இடுப்பில் செருகினார். அதைக் கண்மாயில் கரைக்கப் போகிறாரா, வைத்துக்கொள்ளப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. வாசலில் இறங்கினவர் திரும்பினார்.

“மழை பேஞ்சு ஈரம் நிக்கிது. நாலு நாளைக்குள்ள உழுதாத்தான் இந்த வருசமாச்சும் வெதைக்க முடியும். பெரியவுக கைதான் வரல. உங்க கை நல்லாத்தானண்ணே இருக்கு? வாரேன்.”

போய்விட்டார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. இருபது வருடமாக டைப் அடித்து விரல் நுனிகள் கொஞ்சம் தட்டையாகியிருந்தன, வேறு குறை இல்லை.

கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அண்ணன் முற்றத்தில் கட்டிலில் இருந்தார். நான் கட்டிலைத் தாண்டிப் போய் மாட்டுக் கொட்டத்தில் அரிவாளையும், முள் தள்ளுகிற கவைக்கம்பையும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றேன்.

“அண்ணே, வடக்குப் பாதை முள்ள எடுக்கப் போறேன்.”

அவருடைய வாய் கோணியது. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. “ஏலே...” என்றார். “ஒஞ் சோலியப் பாரு” என்று குழறலாக வந்தது.

“இதுவும் என் சோலிதாண்ணே. பட்டாவுல என் பேரும் இருக்கு.”

என் ஐம்பது வயதில் அண்ணனை எதிர்த்து நின்று நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் நிற்கவில்லை.

ஒரு வருடத்து முள். காய்ந்து, ஒன்றோடொன்று பின்னி, அடியில் மண் மூடி, மேலே கோவைக்கொடி ஏறியிருந்தது. கவைக்கம்பால் நெம்பினால் பாதி வரும், பாதி கையைக் கிழிக்கும். செருப்பைத் துளைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் ஏறியது. ஆட்களை வைத்துச் செய்திருந்தால் ஒரு மணி நேர வேலை. நான் யாரையும் கூப்பிடவில்லை. வேட்டியெல்லாம் கிழிந்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு டிராக்டர் போகிற அகலத்துக்குப் பாதை திறந்தது. அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது.

கண்மாய்க் கரைச் சூலத்தில் டப்பா ஒன்று புதிதாகத் தொங்குவது அங்கிருந்தே தெரிந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன் கையைத் திருப்பிக் கேட்டிருக்கலாம், பாதையைக் கேட்டிருக்கலாம், என்னைப் பற்றியும் எழுதியிருக்கலாம்.

அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கீழே பார்த்தேன். ஈர மண்ணில், பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என் தடமாகக் கிடந்தது. ஒவ்வொன்றிலும் வலது கால் வெளியே சாய்ந்து விழுந்திருந்தது. முள்ளை எடுத்தது யார் என்று நான் போய் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அவர் அந்த வழியாகத்தான் வருவார், அவரே படித்துக்கொள்வார்.